பழைய ரவுண்ட் பேலரில் கதவு தூக்கவில்லையா? சிலிண்டரைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து, அறுவடை மெஷின் போட்டுவிட்டுப் போன வைக்கோல் வரிசை வரிசையாகக் காய்ந்து கிடக்கும் அந்தச் சில வாரங்கள்தான் டெல்டாவில், வைக்கோலை உருளைக் கட்டாகச் சுருட்டும் பேலர் வைத்திருப்பவருக்கு வருமானக் காலம். நடுவில் ஒரு மழை பெய்துவிட்டால் வைக்கோல் கறுத்துப்போகும், வாங்க ஆள் வராது. அப்படிப்பட்ட நாளில் பேலரின் பின்கதவு பாதியில் நின்றுவிட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது. ஸ்பேனரை எடுத்து நேராக சிலிண்டரைக் கழற்றுவார்கள். சீல் மாற்றி மாட்டுவார்கள். கதவு அப்போதும் தூக்காது.

செகண்ட் ஹேண்ட் பேலர்களைப் பொறுத்தவரை, சிலிண்டரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கப்ளர் (ஹோஸை டிராக்டரில் மாட்டும் இணைப்பு), ஹோஸ், ஆயில் அளவு, டிராக்டர் வால்வு, கதவின் கொக்கி, கீல் புஷ் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் சிலிண்டர் பக்கம் போக வேண்டும். அந்த வரிசையில், அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். 35 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டருக்குப் பின்னால் ஓடும் சிறிய ரவுண்ட் பேலரை மனதில் வைத்து எழுதியது. பெரிய பேலர்களுக்கும் அடிப்படை இதுவேதான்.

ஆயில் எந்த வழியாகப் போகிறது

சிறிய ரவுண்ட் பேலரில் வைக்கோலைச் சுருட்டுவது, நூல் சுற்றுவது எல்லாம் டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டிலிருந்து வரும் சக்தியில் செயின், கியர் மூலம் நடக்கிறது. ஹைட்ராலிக்குக்கு இருக்கும் முக்கிய வேலை ஒன்றுதான்: கட்டு முடிந்ததும் பின்கதவைத் தூக்கி, கட்டு உருண்டு விழுந்ததும் மூடுவது. சில மாடல்களில் முன்னால் வைக்கோலை வாரும் பிக்கப்பைத் தூக்கி இறக்கவும் ஒரு சிறிய சிலிண்டர் இருக்கும்.

பேலருக்கென்று தனி பம்ப் கிடையாது. டிராக்டரின் பம்பிலிருந்து லிவர் வால்வு, கப்ளர், ஹோஸ் வழியாக ஆயில் சிலிண்டருக்குப் போகிறது. ஒரே ஹோஸ் இருந்தால் அது ஒருவழி சிலிண்டர். ஆயில் தூக்கும், கதவின் எடைதான் இறக்கும். இரண்டு ஹோஸ் இருந்தால் தூக்குவதும் மூடுவதும் ஆயிலின் வேலை. உங்கள் பேலர் இதில் எது என்பது தெரியாமல் கோளாறு தேடக் கூடாது. ஒரே அறிகுறிக்கு இரண்டிலும் காரணம் வேறு வேறாக இருக்கும்.

ஒரு கணக்கும் வேண்டும். 40 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 12.5 சதுர சென்டிமீட்டர். 150 பார் அழுத்தத்தில் அது சுமார் 1,900 கிலோ விசையோடு தள்ளும். கதவின் இரண்டு பக்கமும் உள்ள சிலிண்டர்களைச் சேர்த்தால் 3,800 கிலோ. சிறிய பேலரின் கதவைத் தூக்க இவ்வளவு தேவையே இல்லை. ஆகவே அழுத்தம் ஓரளவு குறைந்திருந்தால்கூட கதவு எழுந்தாக வேண்டும். சுத்தமாக எழவில்லை என்றால் ஒன்று ஆயில் வந்து சேரவில்லை, அல்லது கதவை வேறு ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

கை வைப்பதற்கு முன்

தூக்கிய கதவுக்குக் கீழே, கதவைப் பூட்டாமல் யாரும் போகக் கூடாது. ரவுண்ட் பேலரில் கதவு விழுந்து உயிர்போன சம்பவங்கள் உண்டு. பேலரிலேயே கதவுப் பூட்டு வால்வோ முட்டுக் கம்பியோ கொடுத்திருப்பார்கள். பழைய மெஷினில் அது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அப்படியானால் முதல் செலவு அதற்குத்தான். தடிமனான இரும்புக் குழாயை சிலிண்டர் ராடின் நீளத்துக்கு வெட்டி, நெடுக்காகப் பாதி பிளந்து, ராடின் மேல் கவிழ்த்துக் கட்டினால் கதவு இறங்காது. பட்டறையில் அரை மணி நேர வேலை.

கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. ஊசித்துளை அளவு ஓட்டையிலிருந்து 150 பாரில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் பார்த்தால் சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுக ஆரம்பித்து விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நடந்தால் ‘சின்னக் காயம்தானே’ என்று விடாமல், அறுவைசிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். ஆயில் உள்ளே ஏறியிருக்கிறது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். கசிவு தேட ஒரு அட்டைத் துண்டு போதும். ஹோஸை ஒட்டி நகர்த்தினால் ஈரம் பட்ட இடம் தெரியும்.

எந்த நட்டைத் தளர்த்துவதாக இருந்தாலும் கதவை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை வடித்துவிட்டுத்தான்.

கோளாறு டிராக்டரிலா, பேலரிலா?

எல்லா அறிகுறிக்கும் முதல் கேள்வி இதுதான். இதற்கு விடை தெரியாமல் பேலரைப் பிரித்தால் பணமும் நாளும் வீண்.

எளிய வழி, பக்கத்து வயலில் ஓடும் வேறொரு டிராக்டரை மாட்டிப் பார்ப்பது. அதில் கதவு ஒழுங்காக எழுந்தால் பேலர் குற்றவாளி இல்லை. உங்கள் டிராக்டரிலேயே டிப்பர் டிரெய்லரை மாட்டிப் பார்க்கலாம். சுமையோடு டிப்பர் எழுகிறது என்றால் டிராக்டர் சரி.

கொஞ்சம் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் 250 பார் வரை காட்டும் ஒரு பிரஷர் கேஜும் ஒரு டீ இணைப்பும் வாங்கி வையுங்கள். ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கும் கடையிலேயே கிடைக்கும். கப்ளருக்கும் ஹோஸுக்கும் நடுவே மாட்டி, கதவை முழுக்கத் தூக்கி, மேலே முட்டிய பிறகும் லிவரை இரண்டு மூன்று விநாடி பிடியுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டிராக்டர் கையேட்டில் சொன்ன அழுத்தம், பல டிராக்டர்களில் அது 150 பாரிலிருந்து 200 பாருக்குள் இருக்கும், அதற்குப் பக்கத்தில் வந்தால் டிராக்டரும் சரி, சிலிண்டர் சீலும் பெரும்பாலும் சரி. வரவில்லை என்றால் பேலரைக் கழற்றிவிட்டு, கேஜை மட்டும் டிராக்டர் கப்ளரில் மாட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது முள் ஏறினால் ஆயில் பேலரில் எங்கோ நழுவுகிறது. இப்போதும் ஏறவில்லை என்றால் டிராக்டரின் பம்ப், ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடுவது) அல்லது லிவர் வால்வு. லிவரை நீண்ட நேரம் பிடித்து வைக்காதீர்கள், ஆயில் கொதித்துவிடும்.

முள் குறைவாக இருக்கிறது என்பதற்காக ரிலீஃப் வால்வில் வாஷர் போட்டு அழுத்தத்தை ஏற்றும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். தேய்ந்த பம்புக்கு அது மருந்து ஆகாது. அடுத்த வாரம் ஹோஸ் வெடிக்கும்.

அறிகுறி: கதவு கொஞ்சம்கூட அசையவில்லை

லிவரைத் தள்ளும்போது எஞ்சின் சத்தத்தைக் கவனியுங்கள். சத்தம் மாறி, எஞ்சின் கொஞ்சம் அழுந்தினால் ஆயில் அழுத்தத்தோடு எங்கோ போய் முட்டி நிற்கிறது என்று அர்த்தம். சத்தத்தில் மாற்றமே இல்லை என்றால் அழுத்தமே உருவாகவில்லை.

அழுத்தம் உருவாகவில்லையா? முதலில் ஆயில் அளவு. நம் ஊர் டிராக்டர்கள் பலவற்றில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். அது குறைந்தால் கியர் ஓடும், ஹைட்ராலிக் முதலில் படுத்துவிடும். அடுத்தது, வெளி இணைப்புக்கு ஆயிலைத் திருப்பும் குமிழ். லிஃப்டிலிருந்து ஆயில் எடுக்கும் டிராக்டர்களில் இந்தக் குமிழ் திருப்பப்படாமல் இருந்தால் கதவுக்குப் பதிலாகப் பின்னால் உள்ள லிஃப்ட் கைகள் மேலே எழும். கைகள் எழுவதைக் கண்டால் பேலரைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பழைய ஃபெர்குசன் அமைப்பு டிராக்டர்கள் சிலவற்றில் ஹைட்ராலிக் பம்ப் பி.டி.ஓ. தண்டிலிருந்தே ஓடுகிறது. கட்டு முடிந்ததும் பி.டி.ஓ. லிவரை விடுத்துவிட்டாலோ கிளட்சை முழுக்க மிதித்தாலோ பம்பும் நின்றுவிடும். கதவு எழாது. அது கோளாறே இல்லை, அந்த டிராக்டரின் அமைப்பு அப்படி. பம்ப் எஞ்சினிலிருந்து நேராக ஓடும் டிராக்டரில் பழகிய டிரைவர் வண்டி மாறும்போது இதில்தான் தடுமாறுவார்.

சரி, எஞ்சின் அழுந்துகிறது, கதவு மட்டும் அசையவில்லை. அப்போது கப்ளரைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் வேறு வேறு கம்பெனித் தயாரிப்பாக இருந்தால், வெளியே பூட்டிக்கொண்டது போலத் தெரியும். உள்ளே ஆயிலை அடைக்கும் இரண்டு குண்டுகளும் ஒன்றையொன்று முழுதாகத் தள்ளித் திறந்திருக்காது. பழைய பேலரில் நான் முதலில் மாற்றச் சொல்வது கப்ளரைத்தான். இரண்டு பாதியையும் ஒரே தயாரிப்பில், ஜோடியாக வாங்குங்கள். ஹோஸில் அழுத்தம் சிக்கியிருந்தாலும் கப்ளர் சரியாக உட்காராது. வெயிலில் கிடந்த ஹோஸில் ஆயில் விரிந்து இப்படி ஆகும். கதவு மூடிய நிலையில், மறுமுனை நட்டைத் துணி சுற்றி மெதுவாக அரைச் சுற்று தளர்த்தினால் வடிந்துவிடும்.

கப்ளரும் சரி என்றால் கதவின் கொக்கி. பல சிறிய பேலர்களில் கட்டு உருளும்போது கதவு திறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் கொக்கி பிடித்திருக்கும். கட்டு நிறைந்துவிட்டது என்று மணி அடித்த பிறகும் வைக்கோலை ஏற்றிக்கொண்டே போனால் கட்டு இறுகி, கதவை வெளியே தள்ளும். கொக்கி அந்த அழுத்தத்தில் சிக்கிக்கொள்ளும். இரண்டு ஹோஸ் பேலராக இருந்தால் லிவரை முதலில் மூடும் பக்கம் ஒரு நொடி தள்ளிவிட்டு, அப்புறம் திறந்து பாருங்கள். கொக்கியின் மேலிருந்த இறுக்கம் விட்டுப்போய் கதவு திறக்கும். இதற்குத் திறந்தால் கோளாறு கொக்கியிலும் கட்டின் அளவிலும்தான் இருக்கிறது.

அறிகுறி: எழுகிறது, ஆனால் மெதுவாக

இங்கே கணக்கு உதவும். 40 மில்லிமீட்டர் சிலிண்டர், 400 மில்லிமீட்டர் ஓட்டம் என்றால் ஒன்றுக்கு அரை லிட்டர் ஆயில் பிடிக்கும். இரண்டுக்கும் ஒரு லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் கொடுக்கும் பம்ப் இதை மூன்று விநாடியில் நிரப்பிவிடும். உங்கள் சிலிண்டர் அளவைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். கணக்கு மூன்று விநாடி சொல்ல, கதவு பதினைந்து விநாடி எடுத்துக்கொண்டால் ஆயில் வழியில் நெருக்கப்படுகிறது, அல்லது வேறு பக்கம் நழுவுகிறது. எஞ்சினை வேகப்படுத்தாமல் ஐட்லிங்கில் தூக்கினாலும் மெதுவாகத்தான் எழும், அதை முதலில் விலக்கிவிடுங்கள்.

எப்போது மெதுவாக எழுகிறது என்பதுதான் அடுத்த தடயம். காலையில் ஆயில் குளிர்ந்திருக்கும்போது மெதுவாகவும், மதியம் சரியாகவும் எழுந்தால் சக்ஷன் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது தேவைக்கு மேல் தடிமனான ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். பம்ப் பக்கத்திலிருந்து கீச்சென்ற ஊளைச் சத்தமும் சேர்ந்து வரும். அதற்கு நேர்மாறாக, காலையில் நன்றாக எழுந்து, ஆயில் சூடேறிய பிறகு சோர்ந்துபோனால் உள்கசிவு. சூடான ஆயில் நீர்த்துப்போய் தேய்ந்த இடைவெளிகள் வழியாக எளிதில் நழுவும். பம்ப், லிவர் வால்வு, பிஸ்டன் சீல் இவற்றில் எது என்பதை மேலே சொன்ன கேஜ் சோதனையே பிரித்துக் காட்டிவிடும். ஆயில் சூடாக இருக்கும்போது செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எழுவது சரி, இறங்குவது மட்டும் மெதுவு என்றால் அது வேறு கதை. ஒருவழி சிலிண்டரில் கதவு தடாலென்று விழாமல் இருக்க இணைப்பில் ஒரு நுண்துளை வைத்திருப்பார்கள். அதில் ஏதாவது சிக்கினால் கதவு இறங்க மறுக்கும். சிக்குவது பெரும்பாலும் டெஃப்ளான் டேப் துண்டு. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவது போல ஹைட்ராலிக் இணைப்புக்கும் டேப் சுற்றுகிறார்கள். கூம்பு முகம் உள்ள இணைப்பும் ஓ-ரிங் இணைப்பும் மரையில் அடைப்பதில்லை. கூம்பும் ரிங்கும்தான் அடைக்கின்றன. டேப் அங்கே ஒரு வேலையும் செய்யாமல், பிய்ந்து உள்ளே போய் நுண்துளையை அடைக்கிறது. கசிந்தால் கூம்பில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள், ரிங்கை மாற்றுங்கள்.

பழைய ஹோஸ் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். வெளியே பார்க்கப் புதிது போல இருக்கும். உள் ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி தொங்கும். ஆயில் ஒரு பக்கம் போகும்போது அது படுத்து வழி விடும், திரும்பி வரும்போது எழுந்து அடைத்துக்கொள்ளும். கதவு எழும், இறங்காது. ஹோஸைக் கழற்றி இரண்டு முனையிலிருந்தும் காற்று ஊதிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அறிகுறி: ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கோணலாக எழுகிறது

இதில்தான் சிலிண்டர் மேல் அநியாயமாகப் பழி விழுகிறது. இரண்டு சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து ஆயில் பிரிந்து போகிறது. ஆயில் எப்போதும் எளிதான பக்கம் முதலில் போகும். ஒரு பக்கக் கீல் புஷ் கிரீஸ் காணாமல் இறுகியிருந்தால் அந்தப் பக்க சிலிண்டர் காத்திருக்கும், மற்றது முன்னே போகும். கதவுச் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

கதவை மூடி, கொக்கி மாட்டி, எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை வடித்துவிட்டு, சிலிண்டர் ராடுகளைக் கதவோடு பிணைக்கும் பின்களை எடுத்துவிடுங்கள். ராடுகள் எதிலும் முட்டாதபடி திருப்பி வைத்து, ஐட்லிங்கில் லிவரை மெல்லத் தட்டுங்கள். சுமை இல்லாமல் இரண்டும் தங்குதடையின்றி நீள வேண்டும். எது திணறுகிறதோ அந்தப் பக்க ஹோஸையோ சிலிண்டரையோ பாருங்கள். இரண்டும் சுகமாக நீண்டால் கோளாறு கதவில்தான். செயின் பிளாக் போட்டுக் கதவைத் தூக்கிப் பார்த்தால் எந்தக் கீல் பிடிக்கிறது என்று கைக்கே தெரியும். கிரீஸ் நிப்பிளை நெல் தூசி அடைத்திருக்கும். சுத்தம் செய்து, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

அறிகுறி: தூக்கிய கதவு தானாக இறங்குகிறது

‘சீல் போச்சு’ என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இரண்டு ஹோஸ் சிலிண்டரில் இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. இரண்டு வாயும் அடைபட்டிருக்கும்போது பிஸ்டன் சீல் கிழிந்தே இருந்தாலும் கதவு கொஞ்சம்தான் இறங்கும், முழுக்க இறங்காது. காரணம், ராட் உள்ளே வர வேண்டுமானால் அது அடைக்கும் இடத்தின் அளவுக்கு ஆயில் வெளியே போயாக வேண்டும். வெளியே வழியில்லை என்றால் அது எங்கே போகும்? ஆகவே கதவு முழுக்க இறங்குகிறது என்றால் ஆயில் சிலிண்டரை விட்டே வெளியேறுகிறது. டிராக்டர் லிவர் வால்வின் ஸ்பூல் (உள்ளே நகரும் தண்டு) தேய்ந்திருப்பதுதான் முதல் சந்தேகம்.

பேலரில் பூட்டு வால்வு இருந்தால் சோதனை எளிது. கதவைத் தூக்கி, வால்வை மூடி, ராடில் சாக்பீஸால் கோடு போட்டு, தள்ளி நின்று பத்து நிமிடம் பாருங்கள். இறங்கவில்லை என்றால் டிராக்டர் வால்வு. மூடிய பிறகும் இறங்கினால் கோளாறு பேலரின் பக்கம். ஒருவழி சிலிண்டரில் சீல் போயிருந்தால் மேல் பக்கக் காற்றுத் துளையில் ஆயில் ஈரம் காட்டிக்கொடுக்கும். அங்கே வைக்கோல் தூசி கறுத்து ஒட்டியிருந்தால் போதும், வேறு சாட்சி வேண்டாம்.

அறிகுறி: கட்டு உருளும்போதே கதவு விலகுகிறது, கட்டு லூஸாக வருகிறது

கொக்கி மாடல்களில் கொக்கியின் வாய் தேய்ந்து உருண்டிருக்கும், அல்லது கொக்கி ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். வெல்டிங் வைத்துத் தேய்மானத்தை நிரப்பி, பழைய கோணத்துக்கே அரைத்துக்கொள்ளுங்கள்.

கொக்கி இல்லாமல் ஆயில் அழுத்தமே கதவைப் பிடித்திருக்கும் மாடல்களில் நிலைமை வேறு. இங்கே கட்டு கதவைத் தள்ளும்போது ராட் வெளியே இழுபடுகிறது. முந்தைய அறிகுறியில் சீல் நிரபராதி. இங்கே அது உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கலாம். ராட் வெளியே போகப் போக சிலிண்டருக்குள் இடம் கூடுகிறது, கிழிந்த சீல் வழியாக ஆயில் அடுத்த பக்கத்துக்கு நழுவ எந்தத் தடையும் இல்லை. அழுத்தத்தைப் பூட்டி வைக்கும் செக் வால்வில் தூசி உட்கார்ந்தாலும் இதே விளைவுதான்.

இரண்டில் எது என்று பிரிக்க, கதவை முழுக்க மூடி, எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை வடியுங்கள். சிலிண்டரில் திறக்கும் பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை பிளக் போட்டு அடைத்துவிடுங்கள். சிலிண்டரின் திறந்த வாய்க்குக் கீழே ஒரு டப்பாவை வையுங்கள். ஒருவர் ஐட்லிங்கில் லிவரை மூடும் பக்கம் தள்ளிப் பிடிக்க, இன்னொருவர் எட்ட நின்று பார்க்க வேண்டும். முதலில் கொஞ்சம் வடிந்து நின்றுவிட்டால் சீல் சரி, செக் வால்வைப் பிரித்துக் கழுவுங்கள். ஆயில் விடாமல் ஒழுகிக்கொண்டே இருந்தால் சீல் போய்விட்டது. இதைப் பார்த்த பிறகு சிலிண்டரைக் கழற்றினால் அது நியாயமான வேலை.

சீல் மாற்றும்போது ராடை விரல் நகத்தால் நெடுகத் தடவிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குக் கீறலோ துருக்குழியோ இருந்தால் புதுச் சீல் அந்த சீசனைத் தாண்டாது. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், அதன் தூசி ராடின் குரோம் பூச்சை அரம் போல அராவும். ராடை மறுபடி குரோம் போடவோ மாற்றவோ செய்யாமல் சீல் மட்டும் போடுவது வீண் செலவு. சீசன் முடிந்து நிறுத்தும்போது ராடுகள் உள்ளே இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். மழையில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் ராடில்தான் குழி விழுகிறது.

அறிகுறி: குலுங்கிக் குலுங்கி எழுகிறது

ஆயிலில் காற்று. ஹோஸ் மாற்றிய பிறகு வந்தால் கதவை நான்கைந்து தடவை முழுக்க ஏற்றி இறக்கினால் போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால் ஆயில் குறைவு, அல்லது பம்ப் உறிஞ்சும் பக்கக் குழாயில் தளர்ச்சி. அந்தப் பக்கத்தில் ஆயில் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரம் தேடிப் பயனில்லை. டிப்ஸ்டிக்கில் நுரை தெரிகிறதா என்று பாருங்கள்.

நுரை இல்லாமல் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. முழுக்க வடித்து, ஃபில்டரோடு மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அறிகுறி: ஆயில் அதிகமாகச் சூடாகிறது

கதவை எப்போதாவது ஒரு தடவை தூக்கும் பேலரில் ஆயில் சூடாகக் காரணமே இல்லை. சூடாகிறது என்றால் லிவர் நடுநிலைக்குத் திரும்பாமல், ரிலீஃப் வால்வு வழியாக ஆயில் இடைவிடாமல் பீறிட்டுக்கொண்டிருக்கிறது. கதவை மூடி அழுத்தி வைக்க வேண்டும் என்று லிவரைக் கயிறு போட்டுக் கட்டினாலும் இதுதான் நடக்கும். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஆயிலில் சீல்கள் சீக்கிரமே இறுகி வெடிக்கும்.

ஆயில் அளவு பார்ப்பதில் ஒரு சின்ன விஷயம்

மேலே கணக்குப் போட்ட அளவுள்ள ஒருவழி சிலிண்டர்கள் என்றால், கதவு தூக்கியிருக்கும்போது ஒரு லிட்டர் ஆயில் பேலரில் இருக்கிறது. அப்போது அளவு பார்த்து ஊற்றினால் கதவு இறங்கியதும் டிராக்டரில் கூடுதலாக நிற்கும். கதவை மூடிய பிறகே பாருங்கள். வாடகைக்கு டிராக்டர் மாறி மாறி ஓடும் பேலர், ஒரு வண்டியின் அழுக்கு ஆயிலை அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகும். கப்ளர் முனைகளுக்கு மூடி போடுங்கள். மூடி தொலைந்திருந்தால் சுத்தமான பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டுங்கள். மாட்டுவதற்கு முன் முனையைத் துடையுங்கள்.

வாங்கப் போகும்போது

இன்னும் வாங்கவில்லை என்றால் உங்கள் டிராக்டரையே ஓட்டிக்கொண்டு போங்கள். குளிர்ந்த ஆயிலில் ஒரு தடவை கதவைத் தூக்கிக் காட்டிவிட்டு விலை பேசுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆயில் சூடேறும்வரை ஓடவிட்டு, வைக்கோல் ஏற்றி, நாலு கட்டாவது போட்டு, அப்புறம் தூக்கிப் பாருங்கள். சாக்பீஸ் சோதனையையும் செய்யுங்கள். ராடுகளை நகத்தால் தடவுங்கள். பூட்டு வால்வு இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஹோஸின் மேல் அது தயாரான ஆண்டு அச்சிட்டிருக்கும். அச்சே அழிந்துபோய், வளைத்தால் மேல் ரப்பரில் வெடிப்பு தெரியும் ஹோஸ்கள் என்றால், எல்லா ஹோஸும் ஒரு ஜோடிக் கப்ளரும் புதிதாகப் போடும் செலவை விசாரித்துக்கொண்டு போய், அந்தத் தொகையை விலையில் கழித்தே பேசுங்கள்.